ரவை என்றால் உப்புமா மட்டுமல்ல

துப்பாக்கியைப் பற்றிச் சங்க இதழில் எழுதப் போகிறேன் என்றதும், "ஊர்க் கோயிலைப் பற்றி எழுதினால் ஆகாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆகும்தான். ஆனால் 2016-இல் காஷ்மீரிலிருந்து வந்த படங்கள் இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் வரிசையாகப் படுத்திருந்த பையன்கள்! செய்தித்தாள்கள் 'பெல்லட் கன்' என்று எழுதியதால், திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கி போல் ஏதோ ஒன்று என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். அது வேறொன்றுமில்லை, எங்கள் ஊர்க் கொல்லையில் இருந்த அதே ரவைத் துப்பாக்கிதான்.

எங்கள் ஊர் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டம், 1911 வரை வட ஆற்காடு. பள்ளிப்பட்டுப் பக்கம் என்றால் நம்மவர்களுக்குச் சுலபமாகப் புரியும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. கரும்பும் வேர்க்கடலையும் விளையும் பூமி. விளைந்ததில் பன்றிக்கும் பங்கு உண்டு. எங்கள் பெரியப்பாவிடம் லைசென்ஸ் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தோட்டாக்களை இரண்டு டப்பாக்களில் தனித்தனியே வைத்திருப்பார். ஒன்றில் 'எல்.ஜி.', அதாவது பெரிய குண்டுகள். மற்றதில் காடைக்கும் கொக்குக்குமான சன்ன ரவை. இரண்டில் அவர் பயந்தது இந்த இரண்டாவது டப்பாவுக்குத்தான்.

"பெரிய குண்டு போற இடம் தெரியும்டா. இந்தச் சன்ன ரவ எங்க போவும்னு சுட்டவனுக்கே தெரியாது" என்பார்.

காரணம் இருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் சோளத்தில் இறங்கிய குருவிக் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில், வரப்புக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆளின் கண்ணில் ஒரே ஒரு ரவை பாய்ந்துவிட்டது. சுட்டவரும் நல்லவர், பட்டவரும் நல்லவர். ஆறு மாதம் வேலூருக்கு நடந்தார்கள். கண் திரும்பவில்லை.

இந்தத் துப்பாக்கியின் சூட்சுமம் எளியது. ரைபிளின் குழலுக்குள் திருகுபோல வரிகள் இருக்கும். குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். ஷாட்கன்னின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் '12 போர்' குழலின் அளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் மருந்து, அதன்மேல் தக்கை, அதன்மேல் ரவை. சுட்டதும் ரவைகள் விரிந்துகொண்டே போகும். விரிவைக் கட்டுப்படுத்தக் குழலின் வாயைச் சற்றுக் குறுக்குவதைச் 'சோக்' என்பார்கள். 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் வைத்துச் சோதிப்பது வழக்கம். முழுச் சோக் உள்ள குழலில் 70 சதவீத ரவைகள் வட்டத்துக்குள் விழும். சோக்கே இல்லாத குழலில் 40 சதவீதம்தான். மீதி எங்கே? பெரியப்பா சொன்ன இடத்தில்தான்!

இதை யுத்தத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். முதல் உலகப் போரில், பதுங்கு குழிச் சண்டைக்கென்று வின்செஸ்டர் 1897 என்னும் பம்ப் துப்பாக்கியைக் குழல் குறைத்து, பயனெட் மாட்டி அனுப்பினார்கள். ஒரு தோட்டாவில் ஒன்பது குண்டு. ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர். 1918 செப்டம்பரில் ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது. தேவையற்ற வேதனை தரும் ஆயுதங்களை ஹேக் ஒப்பந்தம் தடுக்கிறது, ஆகவே இதனோடு பிடிபடுபவன் உயிர் தப்பமாட்டான் என்றது. விஷவாயு விட்டவர்கள் பேசிய பேச்சு இது! அமெரிக்கா மறுத்தது. இரண்டு மாதத்தில் போரும் முடிந்தது. பிறகு 1948 முதல் 1960 வரை மலாயாவின் அவசர காலத்தில் காட்டு ரோந்துப் படையும் கிராமக் காவலர்களும் ஷாட்கன் ஏந்தினார்கள். நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும்.

இவையெல்லாம் எதிரியைக் கொல்லச் செய்த ஏற்பாடு. காஷ்மீரில் 2010-இல் இதே 12 போரைக் கொண்டுவந்தபோது நோக்கம் நேர்மாறு: கல்லெறியும் கூட்டத்தைக் கொல்லாமல் கலைப்பது. அதற்காகப் பெரிய குண்டை விட்டுச் சுமார் 2 மில்லிமீட்டர் சன்ன ரவைக்கு வந்தார்கள். எடையில் இது அந்தப் பதுங்கு குழிக் குண்டில் எழுபதில் ஒரு பங்குதான். தோலிலும் தசையிலும் பட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வெண்படலத்தைத் துளைத்து விழித்திரையைக் கிழிக்க ஒரு ரவை போதும். ஒரு தோட்டாவிலோ ஏறத்தாழ 450. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். சோக் இல்லாத குழலானால் 270 ரவைகள் வட்டத்துக்கு வெளியே. கல்லெறிந்தவன் யார், ஜன்னலில் நின்றவர் யார் என்று அவற்றுக்குத் தெரியுமா?

2016-இல் 32 நாட்களில் சுமார் 13 லட்சம் ரவைகள் சுடப்பட்டதாக மத்திய ரிசர்வ் போலீஸே உயர்நீதிமன்றத்தில் சொன்னது. அந்த ஜூலை முதல் அடுத்த பிப்ரவரி வரை 6,221 பேர் ரவை பட்டுக் காயமடைந்தனர் என்றும், அவர்களில் 728 பேருக்குக் கண்ணில் காயம் என்றும் மாநில அரசு சட்டமன்றத்தில் கணக்குத் தந்தது. கல் பட்டு மண்டை உடைந்த போலீஸ்காரர்களின் வேதனையும் பொய்யல்ல. கூட்டத்தைக் கலைக்க ஏதாவது வேண்டும்தான். பறவைத் தோட்டா அதற்கு ஏற்றதல்ல என்பதே என் கட்சி.

மாற்று தேடினார்கள். மிளகாய்க் காரம் அடைத்த 'பாவா' குண்டு 2016 செப்டம்பரில் வந்தது. (எங்கள் ஆந்திராவைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்போம்.) 2017-இல் ரவை இடுப்புக்குக் கீழேயே போகும்படி குழலில் தடுப்பு பொருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் கண் பெரியவர் இடுப்பு உயரத்தில் இருக்கிறதே!

நம் மும்பைவாசிகள் அறிந்த செய்தி ஒன்றும் உண்டு. வடாலா ஆதித்ய ஜோத் மருத்துவமனையின் விழித்திரை நிபுணர் டாக்டர் எஸ். நடராஜன், 2013-இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2016 ஜூலையில் ஒரு குழுவோடு ஸ்ரீநகர் சென்று, எஸ்.எம்.எச்.எஸ். மருத்துவமனையில் ரவை பட்ட கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இத்தகைய கண் ஒரே அறுவையில் சரியாவதில்லை. முதலில் கிழிசலைத் தைக்க வேண்டும், பிறகு உள்ளே உறைந்த ரத்தத்தையும் ரவையையும் எடுக்க வேண்டும், அதன்பின் விழித்திரையை ஒட்ட வேண்டும். அதனால் அந்தக் குழு ஒருமுறையோடு நிற்காமல் மீண்டும் ஸ்ரீநகருக்கு விமானம் ஏறியது.