உங்களுக்குத் தெரியுமா? பெர்க்கிலியோடு கைகோத்த ஆரோவில்

கட்டடங்களின் மின்செலவைக் குறைக்கும் மார்க்கம் தேடி, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்கிலி தேசிய ஆய்வுக்கூடமும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் தலைமை வகிக்க, 2012-இல் தொடங்கி ஐந்தாண்டுகள் நடந்த கூட்டாராய்ச்சியில், நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லின் விஞ்ஞான ஆராய்ச்சி மையமும் பங்குதாரராக அமர்ந்திருந்தது!

• செப்ட் வளாகத்தில் 2015-இல் திறக்கப்பட்ட ஆய்வுக் கட்டடம், ஓராண்டில் தான் செலவிடும் சக்திக்கு ஈடான மின்சாரத்தைச் சூரியத் தகடுகளால் தானே உற்பத்தி செய்துகொள்ளும்படி நிர்மாணிக்கப்பட்டது.

• வெளிக்காற்று இதமாயின், அக்கட்டடத்தின் ஜன்னல்கள் திறக்கப்படும். உஷ்ணம் மிகுமாயின், விதானத்தில் ஓடும் குளிர்நீர் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

• மின்செலவைக் குறைக்கும் இதே நோக்கில், சுவிட்சர்லாந்தின் ஒத்துழைப்போடு இந்தியாவில் வகுக்கப்பட்டு 2018-இல் வெளியான ‘இகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக, கூரையொழிந்த புறச்சுவர், ஜன்னல்கள் வழியே உட்புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என எல்லை வகுத்தது.

• சேலம் அஸ்தம்பட்டியில் சித்திரை வெயிலுக்கு அஞ்சி மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் கட்டடத்துள் வெப்பம் புகாமல் தடுக்கும் இந்தச் சாஸ்திரத்தின் பாற்பட்டதே: வெண்மை வெயிலைத் திருப்பியனுப்புவதால் கீழறையில் புழுக்கம் தணிகிறது, மின்விசிறிக்கும் ஏசிக்கும் வேலை குறைகிறது.