ரெண்டு மதம், ஒரு குழந்தை: சிக்கல் எங்கே?

என் டீம்ல ஒருத்தர் சிகாகோல இருக்கார். அவர் யூதர், மனைவி கத்தோலிக்கர், பொண்ணுக்கு நாலு வயசு. ரெண்டு மதத்தையும் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறாங்க.

பண்டிகையில சிக்கல் இல்லை. 2024-ல முதல் ஹனுக்கா விளக்கை ஏத்தினதே டிசம்பர் 25 சாயங்காலம்தான். பக்கத்துலயே கிறிஸ்துமஸ் மரமும் இருக்கலாம்.

இடிக்கிறது ஒரு கேள்வியில: இயேசு யார்? கிறிஸ்தவர்களுக்கு அவர் மெசியா, கடவுளின் மகன். யூத மதத்தைப் பொறுத்தவரை மெசியா இன்னும் வரல.

இன்னொண்ணு, அந்தப் பொண்ணு யூதரா? ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகள் அம்மா வழியைத்தான் பார்க்கும். அவங்க கணக்குல, முறைப்படி மதம் மாறினாத்தான் அவ யூதர். அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983-ல அப்பா வழியையும் ஏத்துக்கிச்சு. ஆனா குழந்தை யூத அடையாளத்தோட வளரணும். 1995-ல, வேற மதக் கல்வியும் படிக்கிற பிள்ளைகளை எங்க மதப் பள்ளியில சேர்க்க வேண்டாம்னு அதே பிரிவு பரிந்துரை செஞ்சது. அதாவது, ரெண்டும் வேணும்னு கேட்டா ரெண்டு பக்கமும் இடம் கிடைக்கும்னு உறுதி இல்லை.

இதனாலதான் இப்படிப்பட்ட பெற்றோர்களே சேர்ந்து சிகாகோல 'ஃபேமிலி ஸ்கூல்' நடத்துறாங்க. ரெண்டு மதமும் ஒரே வகுப்புல, கலக்காம, தனித்தனியா.

"அப்பா, இயேசு சாமியா?"ன்னு குழந்தை ஒருநாள் கேட்கும். "எல்லாம் ஒண்ணுதான்"னு மழுப்புறது ஈஸி. "அம்மா அப்படி நம்புறாங்க, நான் நம்பல. ரெண்டு பேருக்கும் நீ எப்பவும் எங்க பொண்ணுதான்"னு சொல்றதுதான் நேர்மைன்னு எனக்குத் தோணுது.