பனை ஏசும் மாதம்

மன்னார்த் தீவில் வைகாசி பிறந்தால் சோளகக் காற்று இறங்கிவிடும். புரட்டாசி வரைக்கும் அது லேசில் ஓயாது. பனையோலைகள் இரவு பகலாக இரையும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் விடியப்புறம் கூட்டிய முற்றத்தில் மத்தியானத்துக்குள் மணல் மறுபடி ஏறிக் கிடக்கும். தெற்குக் கடல் குழம்புவதால் தொழில் வடக்குக் கரைக்கு மாறும். கொண்டல் மழையைக் கூட்டிக்கொண்டு வந்து, கார்த்திகையில் வாடை எழும்பினால் எல்லாம் தலைகீழ். வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்கு அடங்கும். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை வைத்துத்தான் இங்கே வலையும் வள்ளமும் அடுப்படியும் நடக்கின்றன. கடற்கரை வீட்டில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அப்பா எந்தக் கரைக்குத் தொழிலுக்குப் போகிறார் என்பதைக் கொண்டே அது காலத்தைச் சொல்லிவிடும்.

அந்தப் பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறது. நம் முன்பள்ளிகள் பலவற்றின் சுவரில் கடையில் வாங்கிய ஒரு அட்டை தொங்கும். நான்கு பருவங்கள், நான்கு படங்கள். ஒன்றில் பனிமனிதன் கழுத்தில் சால்வை கட்டி நிற்பான். இன்னொன்றில் இலைகள் செம்மஞ்சளாகி உதிரும். பிறகு ரீச்சர் ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், மழையைத் திருப்பி அனுப்பும் பாட்டு. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் மட்டுமே பெய்கிற ஊர் இது. அந்த மழையை நம்பித்தான் கட்டுக்கரைக்குளம் நிரம்ப வேண்டும், நானாட்டான் வயல் விளைய வேண்டும், கிணற்றுநீரின் உவர் குறைய வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளையின் வாயால் மழையைப் போகச் சொல்வது எனக்கு மனவருத்தம் தருகிறது. ஆங்கிலப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்த காலமும் அது வாசிக்கும் காலமும் முதல் நாளிலேயே பிரிந்துவிடுகின்றன என்பதுதான் என் கவலை. வாசிப்பு வேறு யாருடையதோ என்ற எண்ணம் அங்கேதான் விழுகிறது.

நம் இலக்கணத்திடம் போனாலும் பாதி வழிதான் கிடைக்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுது ஆறு. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். தலைமன்னார் இறங்குதுறையில் அந்த நேரத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கணிப்பு எவ்வளவு சரி என்று தெரியும். ஆனால் தரம் இரண்டில் படிக்கும் பிள்ளைக்கு ஆறு பெயரையும் மனப்பாடமாகக் கொடுத்தால் அதுவும் இன்னொரு சுவர் அட்டைதான்.

பனையிடம் போவோம். தீவின் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நாட்காட்டி இல்லை. தை, மாசியில் பனங்கிழங்கு. கிழங்கை அவித்து, நார் உரித்து, நடுவிலுள்ள தும்பை இழுத்துப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காய்ந்தால் ஒடியல். வெயில் ஏற ஏறக் கருப்பணி. அதற்குப் பிறகு நுங்கு; பெருவிரலை விட்டுத் தோண்டிக் குடிக்கும்போது முகமெல்லாம் வழியும். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். சோளகத்தின் இரைச்சலுக்குள்ளும் பழம் விழும் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிற காது பிள்ளைகளுக்கு உண்டு. முதலில் ஓடுகிறவனுக்குத்தான் பழம். பிழிந்த களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. மிஞ்சிய கொட்டையைப் பாத்தி போட்டுப் புதைத்து, மழைக்கு முளைவிட்ட பிறகு பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பூரான். கையில் பிடித்து, மணந்து, தின்று பார்த்த சொற்கள் இவை எல்லாம். இவற்றை எழுத்தில் காணும் பிள்ளைக்கு வாசிப்பு பாதி முடிந்துவிட்டது, ஏனெனில் பொருள் ஏற்கெனவே அதனிடம் இருக்கிறது. எழுத்தை மட்டும் கூட்டிக்கொண்டால் போதும்.

ஈழத்துச் சிறுவர் பாடல்கள் இந்த வழியில்தான் தொடங்கின. கல்வியாளர் க. ச. அருள்நந்தியின் முயற்சியில் 1935இல் ‘பிள்ளைப்பாட்டு’ என்ற தொகுப்பு வெளிவந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்காகப் பாடியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878இல் பிறந்து 1953இல் மறைந்த அவரைத் தங்கத் தாத்தா என்றுதான் பிள்ளைகள் அறிவார்கள். அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டு ஒரு பருவத்தின் பாட்டு. சோளகம் வீசும் ஆடி முதலாம் நாள், பாடசாலை விடுமுறை, கூழ், கொழுக்கட்டை. ஆடி மாதத்தின் பெருமை பற்றி அதில் ஒரு விளக்கமும் கிடையாது. பயற்றை வறுப்பதும், பனங்கட்டி கலப்பதும், கூழைப் பலாவிலையில் ஏந்திக் குடிப்பதுமாக எல்லாமே கைவேலை, வாய்ருசி. இன்று ஆடிக்கூழ் காய்ச்சாத வீடுகளிலும் அந்த நாள் நினைவில் நிற்பதற்கு அந்தப் பாட்டும் ஒரு காரணம். பிள்ளைகளுக்குப் பருவத்தைப் பற்றி எழுத நினைப்பவர்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: அதில் எத்தனை பெயர்ச்சொல், எத்தனை பெயரடை.

வங்கத்தில் தாகூரும் இதையே செய்தார். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளிக்கூடம் தொடங்கி மர நிழலில் வகுப்பு வைத்தவர், 1930இல் பிள்ளைகளின் முதல் வாசிப்புக்காக ‘சஹஜ் பாத்’ எழுதினார். நந்தலால் போஸ் அதற்குப் படங்கள் செதுக்கிக் கொடுத்தார். அதிலே ஒரு சின்ன ஆறு வருகிறது. கோடையில் வண்டில் இறங்கிக் கடக்கும் அளவுக்கு வற்றுகிறது, ஆனி மழையில் கரைபுரள்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை தன் ஊர் ஆற்றையே அதில் பார்க்கிறது. ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்து மன்னாருக்குக் கொண்டுவர முடியாது. நம்முடைய அருவி ஆறு ஆனியில் மணலாய்க் கிடக்கும்; கார்த்திகை, மார்கழியில்தான் பெருக்கெடுக்கும். நாங்கள் தாகூரிடமிருந்து எடுக்க வேண்டியது அவர் ஆற்றைப் பார்த்த விதத்தை. மாதங்களை நம் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்ல வைப்பது? சோளகத்தில் தென்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அங்கே இராவணன் மீசை என்றொரு புல் இருக்கிறது. இலை ஊசியாகக் குத்தும். முற்றிய பெண்பூவின் தலை ஒரு முள்ளுப் பந்து, சின்னப் பிள்ளையின் தலையளவு. காம்பு அறுந்ததும் காற்று அதைத் தூக்கி உருட்டத் தொடங்கும். முள் நுனிகள் மட்டும் மணலில் பட, பாதம் பதிக்காமல் ஓடும். மேட்டில் ஏறும்போது தயங்கும், பிறகு காற்று ஒரு தள்ளுத் தள்ளும். ஈரமணலில் மாட்டினால் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து விதையைக் கொட்டிவிடும். பக்கத்திலே அடம்பன் கொடி. அது எங்கேயும் ஓடாது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பந்தைத் துரத்தவிடுங்கள். எந்தப் பந்து தூரம் போகிறது என்று பந்தயம் கட்டட்டும். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி போதும்.

“அது ஏன் மகன் அப்பிடி ஓடுது?”

வருகிற விடைகளைத் திருத்தாமல், பிள்ளை சொன்ன சொல்லிலேயே, பெரிய எழுத்தில் அட்டையில் எழுத வேண்டும். பனையோலையின் இரைச்சலைக் கேட்டு, “பனை ஏசுது ரீச்சர், காத்து அதின்ர தலையைக் குழப்பிப்போட்டுது” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது கவிதை. அதைச் செந்தமிழாக்கி, எதுகை வைத்து, ‘பனைமரமே பனைமரமே’ என்று தொடங்கும் பாட்டாக மாற்றினால் பிள்ளை அதிலிருந்து வெளியே போய்விடும். எழுத்துத் தமிழ் வரத்தான் வேண்டும், வரும். முதலில் பிள்ளை தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாக நிற்பதைப் பார்க்கட்டும். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இப்படித்தான் செய்தார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய சொல்லைக் கேட்கும். அவர் அதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். அந்த அட்டைதான் அதன் முதல் புத்தகம். 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ என்ற நூலில் அவர் விவரித்தபடி, பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்ட சொற்களில் பயத்தைச் சொல்பவையும் அன்பைச் சொல்பவையும் முன்னுக்கு நின்றன.

பயம் என்றதும் நிற்க வேண்டியிருக்கிறது. சிறுவர் கவிதை என்றாலே வண்ணத்துப்பூச்சி, வானவில், சிரிக்கும் நிலா என்று எழுதப் பழகிவிட்டோம். மன்னார்ப் பிள்ளைக்குக் கடல் அழகு மட்டும் அல்ல. வாடையில் அப்பாவின் வள்ளம் திரும்பப் பிந்தினால் வீட்டில் விழும் மௌனத்தை அது அறியும். 1964 மார்கழிப் புயல், எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல், இங்கே இன்னும் பேசப்படுகிறது. காற்றைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை அந்தப் பயத்தை எழுதக்கூடும். அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு பிள்ளை காற்றாலையை எழுதும். தென்கரையில் 2020இல் எழுந்த முப்பது கோபுரங்கள் இன்று பிறக்கும் பிள்ளைக்கு ஊரின் ஒரு பகுதி. அவற்றால் நன்மையா தீமையா என்று பெரியவர்கள் வாதாடட்டும். பிள்ளை தான் கண்டதை எழுதட்டும்.

புரட்டாசி கடைசியில் காற்று தளரும். வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்கும். ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் முன்னே வரும். பூநாரைகள் கூட்டமாக நிற்பதைக் காண மாரி நடுவில் மன்னார்ப் பாலத்தால் பஸ்ஸில் போனாலே போதும், சாளரத்தோரம் இடம் பிடித்தால் சரி. அந்தப் பாலத்தை ஒட்டிய சதுப்பு 2008இல் வங்காலைப் பறவைகள் சரணாலயமானது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழுவினர் 2021இல் மன்னாரில் ஒரு கடற்காகத்துக்கு ஜீ.பி.எஸ். கருவி பொருத்தி, மேகா என்று பெயரிட்டு விட்டார்கள். ரஷ்யாவின் வடகோடியில், யமால் தீபகற்பம் வரைக்கும் அது பறந்தது பதிவானது. இந்தச் செய்தியை ஒரு வகுப்பறையில் சொல்லிப் பாருங்கள். உலகப் படத்தைத் தேடிப் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து வருவார்கள். சுவர் அட்டையில் இருந்த பனி அப்போது வேறொரு பனியாகிவிடும்: தங்கள் கடற்காகம் முட்டையிடப் போகும் நாட்டின் பனி. தூரதேசத்தைப் பிள்ளைக்குக் காட்ட இதுவே சரியான வாசல் என்பது என் எண்ணம்.

பறவை வரும் அந்த ஒக்டோபர்தான் நாட்டின் தேசிய வாசிப்பு மாதமும். பாடசாலைகளில் பதாகை கட்டுவார்கள், பேச்சுப் போட்டி வைப்பார்கள். ‘வாசிப்பின் முக்கியத்துவம்’ என்ற தலைப்பில் பெரியவர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடமாய் ஒப்புவிக்கும். அதற்குப் பதிலாக ஒரு காலை நேரத்தைச் சதுப்போரத்தில் கழிக்கலாம். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்று, எத்தனை பிள்ளை வேண்டும் என்று அளக்கலாம். சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். வெயிலில் மொட்டையாய் நின்ற மரம் மழைக்குத் துளிர்ப்பதைப் பார்த்து வந்து வாசிகசாலையில் மரங்களைப் பற்றிய புத்தகத்தைத் தேடலாம். பார்த்துவிட்டு வாசிக்கும் பிள்ளை புத்தகத்தோடு சண்டையும் பிடிக்கும், “இதில பிழையாப் போட்டிருக்கு ரீச்சர்” என்று. அந்தச் சண்டை வந்துவிட்டால் வாசகன் பிறந்துவிட்டான்.

காற்றின் பெயர்களும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தின் போக்கும் அப்பப்பாமாரிடம்தான் இருக்கின்றன. போர் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் உட்பட வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்தது. பேசாலை, தலைமன்னார்த் தமிழர் எத்தனையோ பேர் படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். திரும்பி வந்த வீடுகளில் தாத்தாவுக்குத் தெரிந்தது தகப்பனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஆகவே முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து உட்கார வைப்பது இந்த ஊரில் அவசர வேலை. கரைவலை இழுத்தவர் என்றால் அம்பாப் பாட்டும் வரும். ஒருவர் சொல்ல மற்றவர் ஏற்றுச் சொல்லும் அந்த அமைப்பு, எழுதத் தெரியாத பிள்ளையும் கவிதையில் சேர்ந்துகொள்ள வழி விடுகிறது.

நேரம் இல்லை, தரம் ஐந்து புலமைப்பரிசில் இருக்கிறது என்பார்கள். அந்தப் பரீட்சையின் நெருக்கடி தரம் மூன்றிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் தரம் ஒன்றும் இரண்டும் இன்னும் ஆசிரியரின் கையில் இருக்கின்றன. சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடமே அங்கே இருக்கிறது. தனிப் பாடவேளை கேட்கத் தேவையில்லை. ஒரு தடித்த கொப்பி, மாதத்துக்கு இரண்டு பக்கம், பிள்ளைகள் சொன்னது, அவர்கள் கீறிய படம், அன்று வீசிய காற்றின் பெயர். வருடம் முடிய அதைத் தைத்து, அட்டை போட்டு, அடுத்த தைக்கு வரும் புதிய தரம் ஒன்றுப் பிள்ளைகளிடம் வாசிப்புப் புத்தகமாகக் கொடுத்துவிடலாம். எழுதியவன் பக்கத்து வகுப்பில்தான் இருப்பான். புரியாவிட்டால் போய்க் கேட்கலாம்.