புள்ளி இருந்தா பெங்கால் பூனை ஆயிருமா?

குமாரலிங்கபுரத்துல அக்கா பையன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். சிறுத்தைக்குட்டி மாதிரி புள்ளி போட்ட பூனை ஒண்ணு, குழாய்த் தண்ணிக்குள்ள கைய விட்டு விளையாடுது. "மாமா, நம்ம கம்மாய்க்கரை முள்ளுக்காட்டுல ஒரு புள்ளிக்குட்டி கிடைச்சா, பால் ஊத்தி வளத்தா இப்படி ஆயிருமா?"

ஆகாது. ஏன்னு சொல்றேன்.

அது பெங்கால் பூனை. வங்காளத்துல பிறந்த இனம் இல்லை. ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயரில் 'பெங்காலென்சிஸ்' என்று வரும். அதிலிருந்து எடுத்த பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் மில் 1960களில் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைசேர்த்துப் பார்த்தார். இடையில் விட்ட வேலையை 1980களில் மறுபடி எடுத்தார். டெல்லி உயிரியல் பூங்காவில் காண்டாமிருகக் கொட்டடியில் திரிந்த ஒரு புள்ளிப் பூனையும் அந்த வம்சத்தில் சேர்ந்தது.

முதல் தலைமுறைக் கலப்புக் குட்டிகள் ஆளைக் கண்டாலே மிரளும். முதல் மூணு தலைமுறை ஆண்களுக்குப் பெரும்பாலும் குட்டியே பிறக்காது. சாதுவான குட்டியாப் பார்த்துப் பார்த்து வளர்த்து, நாலாவது தலைமுறைக்கு வந்த பிறகுதான் வீட்டுப் பூனைன்னு கணக்கு. புள்ளியை வச்சுக்கிட்டு மிரட்சியைக் கழிச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

சுறுசுறுப்பு கழியலை. பீரோ மேல ஏறும், கதவுக் கைப்பிடியைத் திறக்கும், பின்னாலேயே வரும். தினம் ரெண்டு வேளை ஓடவிட்டு விளையாடணும், ஏற உயரமான இடம் வேணும். நாள்பூரா தனியா விட்டா கத்தும், சோபாவைக் கிழிக்கும். வேலைக்குப் போற வீட்டுக்கு இது லேசுப்பட்ட பொறுப்பு இல்லை.

இனி முள்ளுக்காட்டுக் குட்டி. தென்னிந்தியா, இலங்கையின் வறண்ட புதர்க்காடுகளில் துரும்பன் பூனை உண்டு. துரு நிறப் புள்ளி, வளர்ந்தாலும் ஒண்ணு, ஒன்றரை கிலோதான். உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒண்ணு. பார்க்கச் செல்லமா இருக்கும். ஆனா அதுக்குப் பின்னால சாதுவாக்கிய ஒரு தலைமுறைகூட இல்லை. பால் குடிக்கிற வயசுல பழகினாலும், வளர்ந்தா காட்டு விலங்குதான்.

பசும்பால் ஊத்தினா வயித்தால போயே குட்டி செத்துப்போகலாம். துரும்பன் பூனை, சிறுத்தைப் பூனை இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. பிடிச்சு வளர்த்தா ஜெயில்.

தனியாக் கிடக்கிற குட்டியை ஆத்தா விட்டுட்டுப் போயிட்டான்னு நினைக்காதீங்க. இரை தேடப் போயிருக்கும். தொடாம விலகி வாங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. பையன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.