சாயக்கோடு கலைந்த இடம்

1868-ஆம் ஆண்டில், மாஞ்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியில் புதிதாக ஏற்படுத்தப்பட்ட இஞ்சினீயரிங் பேராசிரியர் பதவிக்கு ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. கேம்பிரிட்ஜில் கணிதம் பயிலுவதற்கு முன்பே இயந்திரப் பட்டறையொன்றில் தொழில் பழகியவர் என்பதாலோ என்னவோ, 1905-ல் ஓய்வு பெறும் வரையில் அவர் ஆராய்ந்த விஷயங்களிலெல்லாம், ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடாமல் இயற்கையையே கண்ணெதிரே நிறுத்தி விசாரிக்கும் வைராக்கியம் குடிகொண்டிருந்தது.

குழாயில் மெல்ல ஓடும் நீர் ஒரு விதிக்கும், விரைந்தோடும் நீர் வேறொரு விதிக்கும் கட்டுப்படுகிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்த செய்தி. அந்த மாறுதல் எப்போது, எவ்விதம் நேருகிறது என்பதுதான் தெளிவாகப் புலப்படாதிருந்தது. இதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்பிய ரெய்னால்ட்ஸ், சுமார் ஆறடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டிக்குள் கண்ணாடிக் குழாயொன்றைக் கிடையாக வைத்து, அதன் முகப்பில் எக்காளத்தின் வாய் போன்ற மரப் புனலைப் பொருத்தி, நீரின் உட்சலனம் அடியோடு அடங்குமாறு பல மணி நேரம் காத்திருந்து, பிறகே அடைப்பைத் திறந்து, நீரோட்டத்தின் நடுவே சாயத்தை மெல்லியதாக இழையவிட்டார். வேகம் குறைவாயிருந்தவரையில் சாயக்கோடு குழாய் நெடுகிலும் அசையாமல் நேராகச் சென்றது. வேகம் கூடிக்கொண்டே போக, புனலுக்கு வெகுதூரம் தள்ளி ஓரிடத்தில் திடீரென்று கலைந்து, குழாய் முழுவதும் நிறம் பரவிவிட்டது. வெறுங்கண்ணுக்கு ஒரே கலங்கலாகத் தோன்றிய அதையே மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் நோக்கியபோது, தனித்தனிச் சுழல்கள் தெளிவாகத் தெரிந்தன. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தம் ஆயுளில் காணக்கூடிய காட்சிகளில் இதைவிட மேலானது ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

1883-ல் வெளியான அவ்வாராய்ச்சியின் சாரம் ஓர் எண்: வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, நீரின் அடர்த்திக்கு ஒப்பிட்ட பாகுத்தன்மையால் வகுத்தால் கிடைப்பது. அது சுமார் 2000-க்குக் கீழே இருக்குமாயின், எத்தகைய கலக்கமும் தானே தணிந்துவிடும். ஆனால், தொட்டி நீர் மிக அமைதியாயிருந்தபடியால், ரெய்னால்ட்ஸின் குழாயில் சுமார் 13,000 வரையிலும் ஒழுங்கு குலையவில்லை. அதே கருவியைக் கொண்டு மாஞ்செஸ்டரில் பிற்காலத்தார் பரிசோதித்தபோது, வீதி வாகனங்களின் அதிர்வால் அந்த எல்லை கீழிறங்கிவிட்டதாம்! சோதனைச் சாலையில் நிசப்தமும் ஒரு கருவியே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இயந்திரத் தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் சுமையைத் தாங்கும் விதத்தை 1886-ல் விளக்கிய ரெய்னால்ட்ஸ், 1895-ல் கொந்தளிக்கும் ஓட்டத்தைச் சராசரி இயக்கமென்றும் அதைச் சுற்றிய அலைச்சலென்றும் பிரித்துக் காட்டினார். அக்கட்டுரையைப் பரிசீலித்த ஸ்டோக்ஸ், லாம்ப் ஆகிய மேதைகளே அது புரிந்துகொள்ளக் கடினமாயிருப்பதாகக் கருதினார்கள். ஆயினும் ராயல் சொஸைட்டி அதை வெளியிட்டது. இன்று விமான இறக்கையையும் நீர்ச்சுழலியையும் வரைகிற பொறியாளர்கள் கணிப்பொறியில் இடும் சமன்பாடுகள், பெரும்பாலும் அந்தப் பிரிவினையிலிருந்து பிறந்தவையே.