கொள்ளுப்பாட்டி பேரு என்னங்க?

ஐ.பி.எல். டீம்ல பதினோரு பேரையும் மூச்சுவிடாம ஒப்பிப்பீங்க. உங்க கொள்ளுப்பாட்டி பேரு? முழிக்கிறீங்கல்ல!

பழைய பத்திரத்தைப் புரட்டினா கொள்ளுத்தாத்தா கிடைச்சிடுவார். 'இன்னார் மகன் இன்னார்'னு அவரோட அப்பா பேரும் இருக்கும். கொள்ளுப்பாட்டி? நிலம் அவங்க பேர்ல இருந்தாத்தானே! வீட்டுப் பெரியவங்களைத்தான் கேட்கணும்.

சும்மா 'கதை சொல்லுங்க'ன்னா, 'என்னத்தச் சொல்ல'ன்னு எழுந்து போயிடுவாங்க. ஏதாவது பழைய பொருளைக் காட்டிக் கேளுங்க. எங்க வீட்டுப் பரண்ல ஒரு பர்மா அரக்குப் பெட்டி. அதைக் கையில கொடுத்ததும் தாத்தாவோட தங்கச்சி, எங்க சின்னப்பாட்டி, அவங்க அம்மா சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க.

1941 டிசம்பர் 23-ல ரங்கூன் மேல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும், கப்பல்ல இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான், மணிப்பூர் மலைப்பாதைகள்ல நடந்தே வந்ததும் புத்தகத்துலயே இருக்கு. அந்தக் கூட்டத்துல எங்க கொள்ளுப்பாட்டி ரெண்டு பிள்ளைங்களோட கிளம்பி ஒரு பிள்ளையோட ஊர் வந்து சேர்ந்தது எந்தப் புத்தகத்துலயும் இல்லை. வழியில காலரா. தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்த விஷயம் எங்கப்பாவுக்கே அன்னிக்குத்தான் தெரியும்!

செல்போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு இந்த ஞாயித்துக்கிழமையே உட்காருங்க. செமஸ்டர் லீவு வரைக்கும் தள்ளாதீங்க. அந்தக் குழந்தையோட பேரு மட்டும் சின்னப்பாட்டிக்கு ஞாபகம் வரவே இல்லை.