ரைன் கோட்டைகளை எண்ணாதீர்கள்

ஜெர்மனியில் பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை மலைகளுக்கு நடுவே ரைன் நதி நெளிந்தோடும் சுமார் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்றுக்குக் குன்று கோட்டை. ஏறத்தாழ நாற்பது தேறும். அதனால்தான் போகிறவர்கள் ஒரே நாளில் எத்தனை பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பயணத் திட்டத்தை ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கோட்டைகளில் பலவற்றுக்குச் சோறு போட்டது ஆற்றில் போன சரக்குப் படகுகளின் சுங்கம். காவுப் ஊருக்கு எதிரே நட்டாற்றுப் பாறையில் 14ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை எழுந்தது அதற்காகவே. சாங்க்ட் கோவாருக்கு மேலே நிற்கும் ரைன்ஃபெல்ஸ் கோட்டையின் பிரபு சுங்கத்தை ஏற்றியபோது, 1255இல் ரைன் நகரங்கள் கூட்டுச் சேர்ந்து முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேல் முயன்றும் பிடிக்க முடியவில்லை. படகுக்காரனை மிரட்டக் கட்டியதைப் படகிலிருந்து பார்த்தால்தான் அதன் மிடுக்கு புரியும்.

கார் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாமே என்பார்கள். ஆனால் மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ஆற்றைக் கடக்க ஒரு சாலைப் பாலம்கூடக் கிடையாது. காரும் படகுத்துறையில் காத்திருக்கத்தான் வேண்டும். இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. கப்பல் மெதுவாகப் போகும் என்பது உண்மைதான். முழு தூரமும் அதில் போகச் சொல்லவில்லை. பாக்கராக்கில் ஏறி, நீரோட்டத்தோடு சாங்க்ட் கோவாரில் இறங்கினால் போதும். காவுப் கோட்டையும் லோரலை பாறையும் அந்தத் துண்டிலேயே வந்துவிடும். எதிர்த்திசையில் நேரம் கூடும்.

கோட்டைகளில் இரண்டுக்குள் மட்டும் நுழைந்தால் போதும் என்பேன். இவ்வளவு தூரம் போய் இரண்டே கோட்டைக்குள் நுழைவதா என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் வெளியிலிருந்து பழமையாகத் தெரிவதெல்லாம் பழசல்ல. 1689 வாக்கில் பிரெஞ்சுப் படைகள் பலவற்றை இடித்தன. ஸ்டோல்ஸன்ஃபெல்ஸ், ரைன்ஸ்டைன் போன்றவை 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்தார் தங்கள் கற்பனைக்கேற்ப எழுப்பிக்கொண்டவை. அவையும் அழகுதான், இடைக்காலம் என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவே. பிரவுபாக்கில் உள்ள மார்க்ஸ்புர்க் எந்தப் போரிலும் அழியாமல் தப்பியது. 1797இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட ரைன்ஃபெல்ஸ் இன்று பெரும் இடிபாடு. முழுசாக நிற்பது ஒன்று, சிதைந்து கிடப்பது ஒன்று: இவை இரண்டுக்கும் அரை அரை நாள் ஒதுக்கினால், மற்றவற்றைக் கப்பல் தளத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். சாங்க்ட் கோவாரில் இரண்டு இரவு தங்குங்கள். குளிர்காலத்தில் கப்பல்கள் பெரும்பாலும் ஓடாது. ஆகவே முதலில் கப்பல் அட்டவணையைப் பார்த்துவிட்டு, பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.